நண்டுத்தடம்

ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து
அதன்மேல் மடிக்கணினியை வைத்தேன்.
முதுநகர் துறைமுகம். விடிய இன்னும் முக்கால் மணி.
மஞ்சக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்த குளிர்
விரலில் இன்னும் இருந்தது.
ஏலம் தொடங்குமுன் ஒரே ஒரு பாட்டு
என்றுதான் பேச்சு.

பெர்னதெத் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடினாள்.
"ஆ" ஒன்று நீண்டது.
திரையில் இருநூற்றிருபதில் ஒரு கோடு,
அதன் தலைமேல் நானூற்று நாற்பது,
அறுநூற்று அறுபது, எண்ணூற்று எண்பது,
மாடிக்கு மாடி
யாரோ விளக்கேற்றிக்கொண்டே போனதுபோல்.
நொடிக்கு ஐந்தரை முறை எல்லாம் சேர்ந்து நெளிந்தன.
மேலே சாம்பல் தூசு: அவள் மூச்சு.
அடியில் கருஞ்சேறு: உப்பனாற்றில் நிற்கும் படகின் டீசல்.

"நண்டு போன தடமாட்டம் இருக்கு டீச்சர்.
இதுல நான் எது?"

கீழ்க்கோட்டைத் தொட்டுக் காட்டினேன். இதுதான் சுருதி.
"அது ஆர்மோனியத்துக்கும் இருக்குமே."
இருக்கும்.

வகுப்பெடுக்கிற பழக்கம் விடவில்லை.
முந்நூறுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டி எறிந்து
மறுபடி ஓடவிட்டேன்.
குரல் மெலிந்து தகர டப்பாவுக்குள் போனது.
சுருதி மட்டும் அசையவில்லை.
"வெட்டினீங்களா, வெட்டலையா?"
வெட்டியாச்சு. மிச்சக் கோடுகளின் இடைவெளியைப் பார்த்து
உன் காது அதைத் தானே போட்டுக்கொள்கிறது.

முழங்கையில் ஒட்டிய செதிலை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
"எங்க கோயில் குழுவுல சூசைநாதன்தான் கீழ்க்குரல்.
தை மாசம் போய்ட்டார்.
இன்னும் கேக்குது, கடைசி வரியில மட்டும்.
அதுவும் இந்தக் கணக்கா?"

இல்லை என்று சொல்லவேண்டும்.
அவர் தொண்டை வேறு, அந்தக் கோடுகள் வேறு...
வாயெடுப்பதற்குள் படகு அணைந்தது, கூடை இறங்கியது,
அவள் எழுந்து போய்விட்டாள்.

"வஞ்சரம் எண்ணூறு, எண்ணூறு, எண்ணூத்தம்பது!"
ஒரே சுருதி. கிட்டத்தட்டப் பாட்டு.
பதிவை நிறுத்த மறந்திருந்தேன்.
மூன்று இன்ஜின், ஐஸ் உடைக்கும் இயந்திரம், நூறு வாய்,
எல்லாம் கீழேயே முட்டிமோதிக் கிடக்க
மூவாயிரத்துக்குப் பக்கத்தில்
ஆளில்லாத ஒரு சந்து.
அதன் வழியாக அவள் மட்டும்
கடைசி வரிசையில் நிற்கும் கேரள வியாபாரி வரை
நடந்து போகிறாள்.

கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
சூசைநாதன் என்று அடித்தேன்,
அழித்தேன்,
தேதியைப் போட்டேன்.
ஏழாம் எண் பொத்தானில்
ஒரு செதில் ஒட்டியிருந்தது.