ஆடு தின்ற படிவம்

கஸ்தூரியார் வீதியில்
பற்றறிக் கடைக்கு மேலே எங்கள் வகுப்பு.
ஏழு கதிரை, ஒரு வெண்பலகை.
கீழே யாராவது ஹோர்ன் அடித்துப் பார்க்கும்போதெல்லாம்
பாதியில் நிற்கும் என் வசனம்.

மூன்றாம் பாடத்தில்
மிஸ்டர் பிறவுண் ரயிலைத் தவறவிடுகிறார்.
மழை. குடையும் இல்லை.
அவருக்கு இரங்க இங்கே ஒருவருமில்லை.
பாசையூர் எமிலியானா
கொப்பியால் கொட்டாவியை மறைக்கிறாள்.
கமலரூபன், மேசன்,
நகக்கண்ணில் சீமெந்து,
குறோய்டனில் இருக்கும் மனைவியை
நாலு வருசத்தில் இருபத்திரண்டு நாள் பார்த்தவர்,
கை உயர்த்துகிறார்:
“மிஸ், இந்த மனுசன் ஏன்
அடுத்த ரயில்ல போகேல்லை?”
புத்தகத்தில் பதில் இல்லை.

அன்று தர்மிலா பிந்தி வந்தாள்,
கையில் பாதிப் படிவத்தோடு.
மீதியை ஆடு தின்றுவிட்டதாம்.
“கையெழுத்து வைச்ச பக்கம்தான் மிஸ்,
படத்தோட சேர்த்து.”
எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின்
இங்கிலீசில் சொல்லுங்கோ என்றேன்.

த கோட்... என்று நின்றாள்.
ஈட் என்றாள் எமிலியானா.
ஈட்டட் என்றார் கமலரூபன்,
மூலைக்கல் வைக்கிற உறுதியோடு.
ஏட் என்று பலகையில் எழுதினேன்.
அந்தச் சின்னச் சொல்லுக்குள்
இறந்தகாலம் முழுவதையும்
ஓர் ஆடு மென்றுகொண்டிருந்தது.

ஆடுகிற மேசைக்காலுக்கு
முண்டு கொடுத்தேன் பிறவுணை.
அதன்பிறகு பாடங்கள்
அவரவர் வீட்டிலிருந்து வந்தன.
கமலரூபன் ஆள்மாறிப் பக்கத்துக் காணியில் கட்டிய தண்ணீர்த்தொட்டி.
பஸ்ஸில் சாக்கை அறுத்துக்கொண்டு
சாரதியின் காலடிவரை நடந்துபோன
எமிலியானா வீட்டு நண்டு.

முதல் தடவை வரும்போது ‘ஏ கோட்’,
யாரோ ஓர் ஆடு.
அடுத்த வரியில் ‘த கோட்’,
எங்களுக்குத் தெரிந்த ஆடு.
விளக்கிவிட்டு, உற்சாகத்தில் ஒன்று கூடச் சொன்னேன்:
நீங்களும் அங்கே முதலில் ‘ஏ’தான்,
பிறகு ‘த’ ஆகிவிடுவீர்கள்.
“எத்தனை வருசம் எடுக்கும் மிஸ்?”
நல்லவேளை, கீழே ஹோர்ன் அடித்தது.

சிவகௌரி மட்டும் ஒன்றும் கொண்டுவருவதில்லை.
நோ ஸ்டோரி மிஸ், என்பாள்.
குடும்பம் பற்றிப் பேசிய நாளில் எழும்பி
மை பிரதர் இஸ்... என்றாள்.
வாஸ்... என்றாள்.
பிறகு மறுபடி இஸ்.
எது சரி என்று என்னைப் பார்த்தாள்.
சரிபிழை போடுகிற பேனை
என் கையில்தான் இருந்தது.
மூடியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.
அதன்பிறகு
கதை கொண்டுவாருங்கள் என்று
ஒருவரையும் நான் கேட்பதில்லை.
வந்தால் கதிரை போடுவேன், அவ்வளவுதான்.

கொழும்பில் பரீட்சை.
செல்லப்பிராணி உண்டா என்று கேட்டிருக்கிறார்கள்.
எமிலியானாவிடம் ஒரு பூனைகூட இல்லை,
ஆட்டைச் சொன்னாள்.
கமலரூபனும் ஆட்டைச் சொன்னார்.
சிவகௌரி அதற்குப் பெயர்கூட வைத்து
ரோசி என்றாளாம்.
மூன்று அறைகளில் மூன்று படிவம் தின்று
மூவரையும் தேற்றிவிட்டது ஆடு.

தேறாதது தர்மிலா.
அவளுக்கு அது உண்மையாகவே நடந்தது.
எந்த வேலியால் வந்தது, யாருடைய ஆடு,
அந்த வீட்டோடு ஏன் இப்ப கதையில்லை,
எல்லாவற்றுக்கும் சொல் தேடி முடியுமுன்
நேரம் முடிந்துவிட்டது.

தை மாதம் ஒரு குரல்பதிவு.
பின்னால் காற்று, ஏதோ அறிவித்தல்.
“மிஸ், ஐ மிஸ்ட் த ட்ரெயின்.
ரெயினிங். நோ அம்பரெல்லா.”
கொஞ்சம் இருமிவிட்டுத் தமிழில்:
“பிறவுணிட்ட நான் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லுங்கோ.
அடுத்த ரயிலும் கான்சல்.”

வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன்.
குனிந்து புத்தகத்தை உருவினேன்.
மேசை ஆடியது.
தர்மிலாதான் முதலில் சிரித்தாள்.