காற்றுக்குறிப்பு

ஷாம்பாஞ், 1917

சிப்பாய்கள் அதை சாசேஜ் என்றார்கள்.
காரைக்காலில் பிறந்த எனக்கு அது சுரைக்காய்,
கொடி மட்டும் இரும்பு.
தொள்ளாயிரம் மீட்டர்க் கொடி.
அடியில் லாரி, லாரியில் ராட்டினம்,
பக்கத்தில் குண்டுப் பெட்டிமேல் நான்,
காதில் தொலைபேசி, மடியில் நோட்டு.

நுனியில் தொங்கும் கூடையில் லெஃப்டினன்ட் ஒபெர்த்தேன்.
முகத்தை அதிகம் பார்த்ததில்லை.
விடியுமுன் ஏறுவார், இருட்டி இறங்குவார்.
இருமல் தெரியும்.
பொய்ப்பல் ஒன்று 'ஸ' வரும்போது விசிலடிக்கும்.
பசித்தால் வாக்கியம் சுருங்கும்.
அவருக்கு என் பேர் "கீழே."
"கீழே, எழுது" என்பார்.

ஒருமுறை என்னையும் ஏற்றினார்கள், எடை பார்க்க.
சுண்ணாம்பு மண் அந்தச் சீமை.
பச்சை வயல்மேல் பதுங்குகுழிகள்
வெற்றிலையில் யாரோ அவசரமாய்
விரலால் இழுத்த மாதிரி வெள்ளை வெள்ளையாய்.
இறங்கியதும் வாந்தி எடுத்தேன்.

வடக்கே ஏழு கிலோமீட்டரில் வொக்ளேர்.
எதிரி கையில் மூன்றாவது வருஷம்.
ஒபெர்த்தேன் பிறந்த ஊர்.
அதனால்தான் இந்தக் கூடைக்கு அவரைப் போட்டார்கள்.
எந்தத் தெரு பீரங்கி வண்டியைத் தாங்கும்,
எந்தக் களஞ்சியத்துக்குப் பின்வாசல் உண்டு,
வரைபடத்துக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.
"ஆலைக்கு வலப்புறம் இருநூறு" என்பார்.
முழங்கும்.
"இன்னும் ஐம்பது."
முழங்கும்.
"ஆலை போயிற்று" என்பார்,
மழை வரும்போல என்கிற குரலில்.

மே மாதம் ஒரு காலை:
"கொடியில் துணி காய்கிறது."
நான் எழுதவில்லை. நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
"வெள்ளை நாலு. நீலம் ஒன்று. எங்கள் கிணற்றுக்குப் பின்னால்.
யாரோ இருக்கிறார்கள், ஞானு."

என் பேர் அவருக்குத் தெரியும் என்பதே
அன்றைக்குத்தான் தெரியும்.

அதே கம்பியில் பீரங்கிக் காப்டன்.
துணியா, நல்லது, எந்தப் பக்கம் சாய்கிறது?
குண்டுக்குக் காற்று தெரிய வேண்டும்,
புறப்படும் இடத்துக் காற்று போதாது,
விழும் இடத்துக் காற்று.
கேள்வியை மேலே அனுப்பினேன்.

ராட்டினக்கார ழெர்மோ
சிகரெட் சுருட்டி, எச்சில் தொட்டு ஒட்டி,
பற்றவைக்கும்வரை கம்பியில் மூச்சு மட்டும்.

பிறகு, "வடக்கே சாய்கிறது. பலமாக."

ழெர்மோவின் புகை தெற்கே போனது.
என் நோட்டின் தாள் தெற்கே படபடத்தது.
தலைக்கு மேல் சுரைக்காய்
மூக்கை வடக்கே நீட்டி
வாடையை மோந்துகொண்டு நின்றது.
மேலே இருப்பவர் தென்றல் என்கிறார்.

கேட்டதை எழுதினேன்.

முப்பத்தாறு குண்டும் ஊருக்கு இந்தப் பக்கமே
பீட்ரூட் வயலை உழுதுவிட்டு அடங்கின.
மருந்து நமுத்துவிட்டது என்று
காப்டன் யாரையோ திட்டினார்.
சாயங்காலம் ஒபெர்த்தேன் இறங்கினார்,
நோட்டை வாங்கினார், படித்தார், கையெழுத்திட்டார்.
பாதி சாக்லேட்டைப் பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார்.
தின்றேன். கசப்புச் சாக்லேட்.

ஜூன் ஒன்பது. அந்த வாரம் லாரியை
ரொம்பவே முன்னால் கொண்டுபோயிருந்தோம்.
மேகத்திலிருந்து ஒற்றை விமானம்.
ராட்டினம் அலறியது, முந்நூறு மீட்டர் இழுத்திருப்போம்.
காதில் "குதிக்கி"
அவ்வளவுதான்.
சுரைக்காய் முதலில் ரோஜா நிறமானது, சத்தமில்லாமல்.
சத்தம் பிறகு வந்தது.

குடை விரிந்தது. வெள்ளை.
அன்று வீசியது நிஜத் தென்றல்,
எங்கள் பாஷையில் அதற்கு நல்ல பேர்தான்.
வடக்கே வடக்கே தள்ளிக்கொண்டு போய்
காட்டின் தலைக்கு அப்பால் இறக்கியது.
அந்தக் காடு யார் கையில் என்பது
நாளுக்கு நாள் மாறும்.

அறுந்த கம்பி வயலெல்லாம் கிடந்தது.
விடியும்வரை சுற்றினோம்.
மீதிக் கட்டங்களை நிரப்பச் சொன்னார்கள்.
ஏறிய நேரம். எரிந்த நேரம்.
காற்று: வடக்கே சாய்கிறது. பலமாக.

காதுக்கருவியைக் கழற்றாமலே
பெட்டிமேல் தூங்கியிருக்கிறேன்.
ழெர்மோ சொன்னான்.