உயரம் என்றொரு கட்டம்

பர்மிங்ஹாம், அருங்காட்சியகத்தின் பின்கட்டு.
செருப்புப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு
உட்கார மறுத்தார் வினெட் பிளாக்வுட்.

முப்பத்தொரு இளஞ்சிவப்புத் தாள்கள்.
நிறுத்திச் சோதித்ததற்குப் போலீஸ் தந்த ரசீதுகள்,
எல்லாம் மகன் கெமார் பெயரில்.

பதிவேட்டில் ஏற்றுகிறேன்.
காரணம்: போலீஸ் வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.
அடுத்த தாளில்: பார்க்கவில்லை.
கிடைத்தது: பஸ் டிக்கெட், பாதி கடித்த பன்.
பிறகு ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
ஒரே பேனாவோ என்று தோன்றும்படி.

பதிமூன்று வயதில் ஐந்தடி.
அந்தக் கோடை முடிவதற்குள்
ஐந்தடி ஓரங்குலம்.
பதினாறில் ஐந்தே முக்கால்.

"எல்லாம் வாடகை வீடு.
சுவரில் கோடு போட விடமாட்டார்கள்" என்றார்.
"இவன் வளர்ந்ததை அளந்து வைத்தது
இவர்கள்தான்."

தாள் கசங்கக் கூடாதென்று
வெள்ளைக் கையுறை போட்டிருக்கிறேன்.
ஒவ்வொன்றையும் இரு கையால் ஏந்தித் திருப்புவதை
அவர் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

கடைசித் தாளில் உயரம் இல்லை.
நான் கேட்கவில்லை.
அவரே சொன்னார்:
"அன்றைக்கு அவனைத் தரையில் கிடத்தியிருந்தார்கள்."

கட்டம் காலியாயிருந்தால்
குறுக்கே கோடு போட வேண்டுமென்பது
எங்கள் அலுவலக விதி.

பென்சிலைச் சீவினேன்.
இன்னொரு முறை சீவினேன்.