உள்ளே விழுந்தால்

விதிப்புத்தகம் ஆடுகளத்தைக்
கிழக்கு வடகிழக்கு பார்த்து அமைக்கச் சொல்கிறது.
மூக்கையூரில் அந்தத் திசையில்
லூர்தம்மாளின் கருவாட்டுக் களம்.
ஆகவே மேற்குப் பார்த்துக் கிடக்கிறது எங்கள் ஹோம் பிளேட்.
மூன்றாம் பேஸ் கடல் பக்கம்,
முதல் பேஸ் ஊர்ப் பக்கம்.
"விரும்பத்தக்கது" என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது,
"வேண்டும்" என்றில்லை.
அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்
நெத்திலி காய்கிறது.

ஐஸ் கம்பெனியில் எனக்கு ஞாயிறு லீவு.
மார்புக்கவசம் கட்டிக் குனிகிறேன்.
ஆடி மாதக் கச்சான்
பந்துக்குப் பந்து பிளேட்டை மண்ணால் மூடுகிறது.
சுற்றி முன்னால் வந்து
கூட்டத்துக்கு முகம் காட்டிக் குனிந்துதான் துடைப்பேன்.
இது விதியல்ல, மரியாதை.
தவறினால் அபராதமில்லை.
அதனாலோ என்னவோ ஒருநாளும் தவறியதில்லை.

கூட்டம் கிரிக்கெட்டில் கத்துகிறது.
"நோ பால் குடு அம்பயரே!"
"பௌலரை மாத்துங்கடா!"
பௌலர் இல்லை, பிட்ச்சர் என்பேன்.
"எறியிறவன்தானே?" என்பார்கள்.
மட்டையில் உரசிப் பின்னால் போனதையெல்லாம்
ஃபௌல் டிப் என்கிறான் ஸ்கோர் எழுதும் டார்வின்.
உரசிய வேகத்தில் நேரே போய்
கேட்சர் கையில் தங்கினால்தான் தம்பி
அதற்கு அந்தப் பெயர்.
நழுவினால் அது வெறும் ஃபௌல்.
பிடிபட்ட பிறகே பெயர் வாங்குகிற பந்து.
அவன் அடித்துத் திருத்துகிறான்,
தாள் கிழிகிற அழுத்தத்தில்.

ஒரு அவுட்.
முதல் பேஸில் ஒருவன், இரண்டாவதில் ஒருவன்.
நரிப்பையூர் சீனி இபுராகிம் ஓங்கி அடித்தான்.
பந்து மேலே போனது, மேலே மட்டும்.
முதல் பேஸ்காரன் டெலஸ்
கையுறையை விரித்துக் கீழே நின்றான்.

வேண்டுமென்றே தவறவிட்டு
ஒரே பந்தில் இரண்டு பேரை வீழ்த்துகிற தந்திரத்துக்கு
ஒரு விதி தடை போடுகிறது:
சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய பந்து என்றால்
பிடிக்கும் முன்னமே அடித்தவன் அவுட்.
எது சாதாரணம் என்று
தரையையும் காற்றையும் கணக்கில் கொண்டு
பந்து அந்தரத்தில் இருக்கும்போதே
நான் சொல்ல வேண்டும்.

விரலை வானத்துக்கு நீட்டினேன்:
"இன்ஃபீல்டு ஃபிளை, இஃப் ஃபேர்!"

"அதென்னய்யா இஃப்பு?
அவுட்டுன்னா அவுட்டு, இல்லேன்னா இல்ல."
நரிப்பையூர் கோச் தாவீது ராசா
தொப்பியை மணலில் அறைந்தார்.
"தெரியாதவன்தான் இஃப் போடுவான்."

டெலஸ் இரண்டடி நகர்ந்தான். பிறகு நாலு.
பிறகு ஓடினான்.
கச்சான் பந்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய்
ஏலக்கூடைகளுக்கு நடுவே
யார் கையும் படாமல் போட்டது.

"ஃபௌல்."
ஓடியவர்கள் திரும்பி நடந்தார்கள்.
இப்போது எங்களூர் கோச்சும் வந்துவிட்டார்.
"முதல்ல அவுட்டுன்னீரே?"
உள்ளே விழுந்தால் என்றேன்.
"விழுந்தால்னா?"
விழவில்லை.

ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த சிந்தாத்திரை,
இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரி,
வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கினாள்.
"நேத்து டோக்கன் ஆபீஸ்ல
காத்து கொறஞ்சால் போகலாம்னு எழுதி ஒட்டுனான்.
அப்ப எவன் தொப்பியும் தரையில விழல."

சிரிப்பு அடங்க நேரமானது.
எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது:
அந்தக் காற்றில் அது
சாதாரண முயற்சிதானா?
டெலஸின் கால்கள் இல்லை என்றன.
பந்து வெளியே விழுந்ததால்
யாரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த பந்து.
இபுராகிம் வீசினான். ஒரு முணுமுணுப்புச் சத்தம்,
கேட்சர் கையில் தங்கிவிட்டது.
மூன்றாம் ஸ்டிரைக்.

டார்வினின் நோட்டை எட்டிப் பார்த்தேன்.
ஃபௌல் டிப், சரியாக எழுதியிருந்தான்.
எறிந்தவன் பெயருக்கு நேரே
பௌலர் என்று இருந்தது.
சொல்ல வாயெடுத்தேன்.
பிளேட் மறுபடி மூடிக் கிடந்தது.