நாற்பத்தோராவது பல்

கெம்பாஸ் பலகை அலையலையாய் வருகிறது.
"யந்தி, உன் கை சரியில்லை" என்கிறார் தவுக்கே.
தமயந்தி என்று முழுசாய்ச் சொல்ல அவருக்கு நேரமில்லை.
கையில் கோளாறில்லை, தவுக்கே. பல்லில்.

பட்டைவாளைத் தீட்டும் மிஷினில் மாட்டி
முதல் பல்லில் சாக்பீஸ் கோடு.
கல் இறங்கும், உரசும், ஏறும்;
தள்ளுவிரல் அடுத்ததை நகர்த்தும்.
எண்ணுகிறேன்.
சிம்பாங் அம்பாட் மழை
தகரக்கூரையில் வேறு கணக்குப் போடுகிறது.

நாற்பதில் பொறி.
நாற்பத்தொன்றில் வெறும் காற்றைத் தீட்டும் சத்தம்.
நாற்பத்திரண்டில் இரட்டைப் பொறி,
முனையில் நீலம்.
நீலம் பார்க்க அழகு;
மரத்தில் இறங்கினால் மெழுகு.

போன மாதம் ஒட்டுப்போட்ட இடம்.
ஒட்டியவன் அரை மில்லி விழுங்கியிருக்கிறான்.
"வெட்டி மறுபடி ஒட்டலாமே?" ஷஃபிக் கேட்கிறான்.
ஒட்டலாம். வாள் இன்னும் குட்டையாகும்.

இப்போது இரண்டாவது கோடு, நாற்பத்தொன்றில்.
அது வரும்போது திருகை அரைச்சுற்று தளர்த்துகிறேன்,
போனதும் இறுக்குகிறேன்.
சுற்றுக்கு ஒரு தடவை. வேறொன்றுமில்லை.

பலகை நேராக வருகிறது.
தவுக்கே போனில் இருக்கிறார்.

ஆறு மணிக்குக் கைரேகை மிஷின்
என் கட்டைவிரலை ஏற்க மறுக்கிறது.
சட்டையில் துடைத்து
சற்றே சாய்த்து
மறுபடி வைக்கிறேன்.