கயிற்றைக் கடித்த பல்

பகலில் எனக்குப் பல் செய்யும் வேலை.
தார்த்து நகரில், ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
பேக்கரிக்கு மேலே ஒரு மாடி.
முகம் தெரியாதவர்களின் வாய்கள்
சின்னப் பெட்டிகளில் வந்து சேரும்.
பக்கத்துப் பல்லைப் பார்த்துப் பார்த்து
புதுப் பல்லுக்கு நிறம் ஏற்றுவேன்:
நுனியில் கொஞ்சம் சாம்பல், ஈறோரம் தேன்,
காபி குடிப்பவர் என்றால் மயிரிழைப் பழுப்பு.
போலி என்று ஒருவருக்கும் தெரியாவிட்டால்
வேலை சுத்தம்.

இரவிலும் அதே தூரிகைதான்.
முதலாளி ஹெல்யுவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அந்தத் தொடரைப் பதினோரு பகுதியோடு நிறுத்திவிட்டார்கள்.
பனிக்கடலில் தபால் சுமக்கும் கப்பல்,
அதில் சமையல்காரி இர்வா.
பதினோராவதில் புயலைப் பார்த்துக் கதவைத் திறக்கிறாள்.
அவ்வளவுதான்.
அடுத்த வாரம் அதே நேரத்தில்
தக்காளிச் செடிக்கு எரு வைப்பது எப்படி என்று
யாரோ பேசிக்கொண்டிருந்தார்.

கதவுக்கு அப்பால் நடந்ததை
நெலிதா ஒயார்சூன் எழுதினாள்.
பூமியின் கீழ்க்கோடியில், புந்தா அரேனாஸில்,
எடைமேடையில் உட்கார்ந்திருப்பவள்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
முப்பத்திரண்டு அத்தியாயம்.
எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில்
தட்டுத்தடுமாறி எழுதியிருந்தாள்;
அதனாலேயே எனக்குப் புரிந்தது.
அதில் இர்வா சாகவில்லை. அவளுக்கு வயதாகிறது.
முட்டி வலிக்கிறது. சூப்பில் உப்புப் போட மறக்கிறாள்.

படம் போட்டுத் தரட்டுமா என்றேன்.
காசு கிடையாதே என்றாள்.
அவள் எழுதியதற்கு மட்டும் யார் கொடுத்தார்கள்?

முதல் தகராறு கடலால் வந்தது.
'கடல்நிறச் சால்வை' என்று எழுதியிருந்தாள்,
நான் பச்சை கலந்தேன்.
இது யாருடைய கடல் என்று கேட்டாள்.
எங்கள் ஜலசந்தி மாலை நாலு மணிக்கு
தேய்த்துக் கவிழ்த்த வாணலியின் அடிபோல் இருக்கும் என்றாள்.
தாளைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.
முழுதாகப் போகவில்லை,
சால்வை மடிப்பில் எங்கோ
என் கடலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஒன்பதாவது படத்தில் இர்வா சிரிக்க வேண்டும்.
தொடரில் அவள் சிரித்ததே இல்லை.
ஆனால் வாய் எனக்குத் தெரிந்த ஊர்.
மேல்வரிசையை ஒரே மூச்சில் போட்டு முடித்தேன்.
அப்பழுக்கில்லாமல் வந்தது,
எங்கள் விலைப்பட்டியலின் அட்டைப்படம் மாதிரி.
பார்க்கப் பார்க்க ஆத்திரமாக இருந்தது.
ஈரத் தூரிகையால்
இடது முன்பல்லின் ஓரத்தை ஒற்றி எடுத்தேன்.
சின்னச் சில்லு. அரிசியில் பாதி.
பகலில் செய்திருந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

அனுப்பிவிட்டுப் படுத்தேன், தூக்கமில்லை.
கதையில் எங்கும் இல்லாத ஒரு காயம் அது.
நாலு நாள் பதிலும் இல்லை.
ஐந்தாம் நாள் அத்தியாயமே திரும்பி வந்தது,
ஒரு வரி கூடுதலாக:
'உடைந்த பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டு
இர்வா முதல் பொய்யைச் சொன்னாள்.'

அதன் பிறகு பல்லுக்குக் கால் முளைத்தது.
ஒசாகாவிலிருந்து ஒரு வாசகர்,
அது நான்காம் பகுதியில் உடைந்தது என்றார்,
பாய்மரக் கயிற்றைக் கடித்து இழுக்கிறாளே, அப்போது.
ஆமாம், நானும் பார்த்தேன் என்றார் இன்னொருவர்.
எந்த நிமிடம் என்றுகூடச் சொன்னார் மூன்றாமவர்.
நெலிதாவும் நானும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்து
நான்காம் பகுதியைப் போட்டேன்.
புயல். கயிறு. அவள் வாய் திறக்கிறது.
விளக்கு ஆடும் அரை நொடி.
நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன்.
வேலைக்கான பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
திரையருகே குனிந்தேன்.

இருக்கிறது.
இடது பக்கம்.