சேமக்காலை

கம்பர்லாண்டில் எனக்கு மூன்று சேமக்காலைகள்.
செவ்வாய் ஊர்ப் பொதுவானது,
புதன் ஜப்பான்காரருடையது,
வியாழன் சீனருடையது.
மழை பெய்தால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும்.

சேமக்காலை என்ற சொல்லுக்கு
நகரசபைப் படிவத்தில் இடமில்லை.
பாசையூரில் அப்படித்தான் சொல்வோம்.
சேமித்து வைக்கிற இடம்,
எடுக்க ஒருவர் வருவார் என்ற நினைப்பில்.

சீனர் உண்மையாகவே வந்து எடுத்தார்கள்.
புதைத்து ஏழு வருடம் கழித்துத் தோண்டி
எலும்பைக் கழுவி, வெயிலில் காயவைத்து,
பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றினார்கள்.
அதனால்தான் அந்தச் சரிவில் இத்தனை பள்ளங்கள்.
புல்வெட்டியின் சில்லு ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறும்.
கைக்குத் தெரியும்:
இவர் போய்விட்டார்.
இவரும்.
மட்டமாக இருந்தால்
கீழே ஆள் இன்னும் காத்திருக்கிறது.

சுரங்கம் வெடித்த வருடத்துப் பதிவேட்டை
ஒருமுறை பார்த்தேன்.
வெள்ளைக்காரருக்குப் பெயர், வயது, மனைவி, எத்தனை பிள்ளை.
அதற்குக் கீழே,
சீனன், இலக்கம் பதினேழு.
சீனன், இலக்கம் நாற்பத்திரண்டு.
சம்பளப் புத்தகத்தில் எழுத அது சுலபமாக இருந்ததாம்.

நானும் கப்பலில் வந்து
கொஞ்சக்காலம் இலக்கமாக இருந்தவன்தான்.
ஆனால் ஒப்பிட மாட்டேன்.
எனக்குக் கட்டிலும் பல்துலக்கியும் கிடைத்தன.
நான்காம் மாதம் பெயரைத் திருப்பித் தந்தார்கள்,
எழுத்துப்பிழையோடு.

புதன்கிழமைக்காரரின் கதை வேறு.
யுத்தம் வந்ததும் உயிரோடிருந்தவர்களைப்
பிடித்துக்கொண்டு போனார்கள்.
பிறகு யாரோ வந்து
இறந்தவர்களின் கற்களைப் புரட்டினார்கள்.
எந்தக் கல் எந்தத் தலைமாட்டில் நின்றதென்று சொல்ல
ஊரில் ஒருவர் மிஞ்சவில்லை.
இப்போது எல்லாம் நடுவில், வட்டமாக.
சுற்றிப் புல் வெட்டுகையில்
யாருடையதோ குடும்பக் கூட்டத்துக்குள்
தவறி நுழைந்ததுபோல் இருக்கும்.
எங்கள் பக்கம் புரட்டவில்லை.
உழுதார்கள்.
வேலைநேரத்தில் நான் அதை நினைப்பதில்லை.

சென்ற வியாழன் ஒருத்தி வந்தாள்,
வன்கூவரிலிருந்து. லொரெயின் மா. பல் வைத்தியர்.
பையில் தோடம்பழம், வாட்டிய பன்றி இறைச்சி,
சின்ன விஸ்கிப் போத்தல்.
பூட்டனைத் தேடுகிறாளாம்.
மூன்றாம் வரிசை, பதினொன்று என்று
காகிதத்தில் இருந்தது.
எண்ணிக்கொண்டே நடந்தோம்.
பதினொன்று ஒரு பள்ளம்.
முந்தின இரவு மழை அதில் தேங்கி நின்றது.

ஊருக்குப் போய்விட்டார் என்றேன்,
நல்ல செய்தி சொல்கிறேன் என்று நினைத்து.

இல்லை என்றாள்.
போன மாசியில் அந்த ஊருக்கும் போனாளாம்.
அங்கேயும் அவர் இல்லை.
விக்டோரியாவில் பெட்டி கப்பலுக்குக் காத்துநின்ற வருடம்
அந்தப் பக்கம் யுத்தம்.
பிந்திக் கிடந்த பெட்டிகளையெல்லாம் ஒன்றாக
ஒரு கடற்கரையில் தாட்டார்கள்.
அதில் இருக்கலாம்.
வேறெங்கும் இருக்கலாம்.

பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.
பன்னிரண்டு மட்டமாக இருந்தது. கல் இல்லை, பெயர் இல்லை.
இவர் இருக்கிறார் என்றேன்.
கொஞ்சநேரம் பார்த்தாள்.
பக்கத்தில் படுத்தவர்,
பூட்டனைத் தெரிந்திருக்கும் என்று சொல்லி
இறைச்சியை அவருக்குப் பரிமாறினாள்.
விஸ்கியை இரண்டு பேருக்கும் ஊற்றினாள்.
தோடம்பழத்தில் பாதி எனக்கு.
புளி.

பள்ளங்களை நிரப்பச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது.
சில்லு உடைகிறதாம்.
மூன்று லோட் மண் கேற்றடியில் கிடக்கிறது.
நாளைக்கு, நாளைக்கு என்று
நான் இன்னும் தொடங்கவில்லை.
மண் குவியலிலும் புல் முளைத்துவிட்டது.
வியாழக்கிழமைகளில்
அதையும் சேர்த்து வெட்டுகிறேன்.